‘இரவுக்கு என்ன?’ – வீட்டுச் சமையலோடு 30 நாட்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பைக் கூடையைக் காலி செய்துகொண்டிருந்தபோதுதான் இந்த எண்ணம் எழுந்தது. கூடையில் காய்கறித் தோல் ஒரு கைப்பிடிகூட இல்லை. உணவு வந்திறங்கிய பெட்டிகளும், எண்ணெய் கசிந்த பைகளும், பிரிக்கப்படாமலே கிடந்த சாஸ் பொட்டலங்களும், யாரும் தொடாத பிளாஸ்டிக் கரண்டிகளுமே அதை நிரப்பியிருந்தன. எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர். நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. எங்களோடு என் மாமியாரும் இருக்கிறார். முந்தைய வாரத்தின் 21 வேளைகளை மகளும் நானும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எண்ணிப் பார்த்தோம். அவற்றில் 9 வேளை வெளியிலிருந்து வந்திருந்தது. எண்ணிக்கையைவிட வேறொன்றுதான் என்னை உறுத்தியது. அந்த 9 வேளைகளில் ஒன்றுகூடப் பிறந்தநாளுக்காகவோ, விருந்தினருக்காகவோ, ஆசைப்பட்டோ வாங்கியது அல்ல. என்ன சாப்பிட்டோம் என்பதே இரண்டு வேளைகளுக்கு எங்கள் இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வெளியில் வாங்கி உண்பதை ஒரு குற்றமாக நான் ஒருநாளும் கருதியதில்லை, இப்போதும் கருதவில்லை. ஆனால் சாப்பிட்டதே நினைவில் தங்காத அளவுக்கு ஒன்றைப் பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறோம் என்றால், அதை ஒருமுறை நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை என்று தோன்றியது. ஒரு மாதம் முழுவதும் வீட்டில் சமைத்ததை மட்டுமே உண்பது என்று அன்று மாலை பேசி முடிவு செய்தோம். கணவர் மாதம் என்பது 30 நாளா 31 நாளா என்று கேட்டார். மகன் பிஸ்கட்டின் நிலை என்ன என்று கேட்டான். மாமியார் சிரித்துக்கொண்டே, “நாற்பது வருடம் நான் இதைத்தானே செய்தேன், யாரும் எண்ணிப் பார்க்கவில்லையே!” என்றார். அந்த வாக்கியத்தை நான் அன்று வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

விதிகளை வகுப்பதில் இரண்டு மாலைகள் கழிந்தன. வீட்டுச் சமையல் என்றால் எது என்பது, பேசத் தொடங்கும்வரை எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகவே இருந்தது. கடையில் வாங்கிய ரொட்டியின் மேல் வீட்டில் பொரித்த முட்டையை வைத்தால் அது வீட்டுச் சமையலா? உறைநிலையில் வாங்கியதைச் சூடாக்கி மட்டும் தட்டில் வைத்தால்? நாமே மாவு அரைக்க வேண்டுமா, அரைத்த மாவை வாங்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு உதவியது, பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொந்தேய்ரோவும் அவருடைய குழுவினரும் 2009 முதல் முன்வைத்து வரும் ‘நோவா’ என்னும் வகைப்பாடு. அது உணவுகளைச் சத்துகளின் அடிப்படையில் பிரிக்காமல், எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டவை என்பதைக் கொண்டு நான்காகப் பிரிக்கிறது. இயற்கையாகவோ சிறிதளவே பதப்படுத்தப்பட்டோ கிடைப்பவை ஒரு வகை. எண்ணெய், உப்பு, சர்க்கரை போன்ற சமையல் சேர்பொருட்கள் இரண்டாவது வகை. இவ்விரண்டையும் சேர்த்துப் பதப்படுத்தியவை மூன்றாவது வகை. வீட்டுச் சமையலறைகளில் இல்லாத சேர்மானங்களைக் கொண்டு தொழிற்சாலைகளில் உருவாக்கப்படும் மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவுகள் நான்காவது வகை. முதல் மூன்று வகைகளையும் எங்கள் அடுப்படிக்குள் அனுமதிப்பது, நான்காவதை வேளை உணவாக ஏற்பதில்லை என்று எழுதி வைத்தோம். பிஸ்கட்டை ஒரு வேளையாகக் கணக்கிட முடியாது என்று மகன் வாதாடினான். வாதத்தில் நியாயம் இருப்பதுபோல் தெரிந்ததால் விட்டுவிட்டோம். அது சட்டத்தில் விழுந்த ஓட்டை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் வாரம் திருவிழாபோல் போயிற்று. ஒவ்வொரு வேளைக்கும் மூன்று நான்கு வகைகள், இதுவரை செய்யாத புதுமைகள், படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பும் அளவுக்கு உற்சாகம். அந்த வாரச் சனிக்கிழமை குளிர்பதனப் பெட்டியைத் துடைக்கத் திறந்தபோது உற்சாகத்தின் விலை தெரிந்தது. ஒரு கட்டுக் கீரை பாதி அழுகியிருந்தது. மூன்று டப்பாக்களில் மீதிகள் புளித்துப்போயிருந்தன. என்றைக்கு வைத்தோம் என்றே தெரியாத ஏதோ ஒன்று கடைசி அடுக்கில் இருந்தது. வெளியிலிருந்து வந்த பெட்டிகளைக் குறைத்த குடும்பம், சமைத்த உணவைக் கொட்டத் தொடங்கியிருந்தது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது. உணவகங்களைவிட வீடுகளே அதிகம் வீணாக்குகின்றன என்பதை முன்பு படித்தபோது நம்ப மனம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எனக்கு ஐயம் ஏதும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து புதனும் சனியும் ‘மீதி நாள்’ ஆயின. இருப்பதை ஒப்பேற்றிய பிறகே புதிதாக ஒன்று அடுப்பேறும்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்தில், எண்ணெய், பருப்பு, மசாலாப் பொருட்கள் என்று அலமாரியை நிரப்பியதால், வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஆயிற்று. மாத முடிவில் உணவுக்கான மொத்தச் செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் சொல்வது இது.

ஒன்பதாம் நாள்தான் நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணம். அன்று எனக்கு அலுவலகத்தில் வேலை இழுத்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது மணி 7:20. பையைக் கீழே வைக்கும் முன்னரே மகன், “அம்மா, இரவுக்கு என்ன?” என்றான். அறையிலிருந்து வெளியே வந்த மகளும் அதையே கேட்டாள். கணவர் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, மிகுந்த கனிவோடு, அதே கேள்வியைக் கேட்டார். குளிர்பதனப் பெட்டி நிறைந்திருந்தது. அடுப்பு வேலை செய்தது. சமைக்கத் தெரிந்தவர்கள் என்று என்னைத் தவிர இன்னும் இருவராவது வீட்டில் இருந்தார்கள். ஆனாலும் இரண்டு மணி நேரமாக அந்த வீட்டில் ஒரு பாத்திரமும் அசையவில்லை. எனக்காகக் காத்திருந்தார்கள் என்று சொல்வது சரியல்ல. நான் எடுக்க வேண்டிய ஒரு முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அன்று ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு முடித்தபோது மணி 8:50. அதற்குள் ஒரு பொட்டலம் பிஸ்கட் காலியாகியிருந்தது. சட்டத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

முந்தைய மாதங்களில் இப்படிப்பட்ட ஒரு மாலையில் நாங்கள் என்ன செய்திருப்போம் என்பது தெளிவு. கைபேசியில் ஒரு பட்டியல் விரியும், ஆளுக்கொன்றைச் சுட்டுவார்கள், அரை மணியில் கதவு தட்டப்படும். எது கெடப்போகிறது, எது நேற்றும் வந்தது, யாருக்கு எது ஆகாது, நாளைக் காலைக்கு எதை மிச்சம் வைக்க வேண்டும் என்ற கணக்கு எதையும் யாரும் போட வேண்டியதில்லை. சமைக்கும் உழைப்பிலிருந்து தப்பிக்கவே வெளியில் வாங்குகிறோம் என்று நான் இத்தனை காலம் எண்ணியிருந்தேன். அந்த முட்டையைப் பொரிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைத்தான் செய்யப்போகிறேன் என்று தீர்மானிக்கத்தான் முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தத் தீர்மானத்தைத்தான் இதுவரை விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

மறுநாள் ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து, ஒரே ஓர் இரவு உணவுக்காக என் மனத்தில் ஓடியவற்றையெல்லாம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அரிசி இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்பதில் தொடங்கி, மாமியாருக்கு இரவில் காரம் ஒத்துக்கொள்ளாது, மகளுக்கு நாளை தேர்வு என்பதால் சீக்கிரம் சாப்பிட வேண்டும், சுருங்கிய கத்தரிக்காயை இன்று எடுக்காவிட்டால் நாளை எறிய வேண்டும் என்று நீண்டுகொண்டே போன பட்டியல் அது. இவற்றில் ஒன்றுகூட அடுப்பின் முன் நடப்பதில்லை. பேருந்தில் நடக்கிறது, அலுவலகக் கூட்டத்தின் நடுவில் நடக்கிறது, பல் துலக்கும்போது நடக்கிறது. அடுத்த ஏழு நாட்களுக்கு மகள் ஒரு கைக்கடிகாரத்தோடு கணக்கெடுத்தாள். அடுப்பின் முன் நிற்கும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 1 மணி 15 நிமிடம். வாங்குவது, அடுக்குவது, நறுக்குவது, ஊறவைப்பது, கழுவுவது, துடைப்பது ஆகியவற்றுக்கு 2 மணி 10 நிமிடம். யோசிக்கும் நேரத்தை அளக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, ஊதியமில்லாத பராமரிப்பு வேலை நேரத்தில் 76.2 விழுக்காட்டைப் பெண்களே சுமக்கிறார்கள் என்று கூறுகிறது. பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 4 மணி 25 நிமிடமும், ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் இதற்குச் செலவிடுகிறார்கள். இந்த எண்களைச் சுட்டிக்காட்டி என் கணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஆனால் அந்த மாதத்தில் நான் கண்டறிந்ததில் எனக்கு அவ்வளவு பெருமை தராத பங்கும் ஒன்று உண்டு. அந்தக் கணக்குகளை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. எந்த டப்பாவில் எது இருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டியதில்லை. யாராவது அடுப்படிக்குள் வந்து எதையாவது செய்தால், அது நான் செய்யும் முறை அல்ல என்பதை முகத்தாலேயே தெரிவித்துவிடுவேன். கேட்காமலே செய்துவிடக் கூடாதா என்று அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இருந்தது. கேட்காமல் செய்தபோதெல்லாம் அதைவிடப் பெரிய வருத்தம் இருந்தது.

ஆகவே பத்தாம் நாளிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் கணவரின் பொறுப்பாயின. என்ன சமைப்பது என்பதும் அவருடைய முடிவு என்பதே ஒப்பந்தம். முதல் செவ்வாயன்று அவர் அடுப்படியிலிருந்து என்னிடம் 14 கேள்விகள் கேட்டார், எண்ணியது மகள். சீரகம் எங்கே, இந்த அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், எந்தப் பாத்திரம், வெங்காயம் இந்த நிறம் போதுமா என்று வந்துகொண்டே இருந்த கேள்விகளுக்கு நான் கூடத்தில் அமர்ந்தபடியே விடை சொன்னேன். உண்மையில் அன்றும் நான்தான் சமைத்தேன், கைகள் மட்டும் அவருடையவை. அடுத்த முறை, டப்பாக்களில் புதிதாக எழுதி ஒட்டிய சீட்டுகளை நம்பி, அவர் சமைக்கும் நேரத்தில் நான் வெளியே நடக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. மழுங்கிய கத்தியால் வெங்காயத்தை நசுக்கியிருக்கிறார். வெங்காயத்தின் செல்கள் உடையும்போது நொதிகள் வேலை செய்து, கந்தகம் கொண்ட ஒரு வாயு உருவாகிக் கண்ணை எரிக்கிறது. கூர்மையான கத்தி குறைவான செல்களையே சிதைப்பதால் கண்ணீரும் குறையும். இதை மகள் தன் அப்பாவுக்கு விளக்கினாள். அன்று அவர் சமைத்ததில் பீன்ஸ் விரல் நீளத்துக்கு இருந்தது. நான் எப்போதும் பொடியாக நறுக்குவேன். அதைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மாதத்தில் நான் செய்த கடினமான வேலைகளில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மாமியாரின் சமையலை எழுத்தில் கொண்டுவர மகள் எடுத்த முயற்சி தனிக் கதை. எடை பார்க்கும் கருவியோடு பாட்டியின் பக்கத்தில் நின்று, அவர் எடுக்கும் ஒவ்வொரு பிடியையும் தட்டில் போடச் சொல்லி அளந்தாள். ஒரே பண்டத்துக்கு மூன்று நாட்களில் மூன்று அளவுகள் வந்தன. “பாட்டி, இதில் எது சரி?” என்று கேட்டதற்கு, “மூன்றும் சரிதான். காயில் இருக்கும் தண்ணீர் ஒரே மாதிரியா இருக்கிறது?” என்றார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்லும்போது ‘பதம்’ என்ற சொல்லை எவ்வளவு எளிதாகக் கடந்துபோகிறோம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவருக்கு அது அளவல்ல, கவனம். கொதியின் ஓசை மாறுவதைக் கேட்பார், ஆவியின் வாசனையில் உப்பு குறைந்திருப்பதைச் சொல்வார். இதை எப்படி எழுதுவது என்று மகள் தவித்தாள். இறுதியில் அளவுகளுக்குப் பக்கத்தில் ‘ஓசை அடங்கியதும்’, ‘விரலில் ஒட்டாமல் வந்ததும்’ என்று எழுதத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அந்தக் குறிப்புகள் எங்களுக்கும் பயன்பட்டன.

அந்த நாட்களில் ஒரு மதியம், நாற்பது வருடச் சமையலைப் பற்றி மாமியாரிடம் மெதுவாகக் கேட்டேன். “அத்தை, அப்போதெல்லாம் உங்களிடம் ‘இரவுக்கு என்ன?’ என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?” என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “என்னிடம் யாரும் கேட்டதில்லை அம்மா. வந்து உட்காருவார்கள்,” என்றார்.

தீர்மானம் சமையலுக்கு முன்னால் வருகிறது என்பதை எங்களுக்கு மிகத் தெளிவாகக் கற்பித்தது ராஜ்மாதான். மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை கணவர் அதைச் சமைப்பதாக அறிவித்திருந்தார், ஊறவைக்க மறந்துவிட்டார். மாலை 6 மணிக்கு நினைவு வந்ததும், சிறு தீயில் நெடுநேரம் வைத்தால் தானாக வெந்துவிடும் என்று தொடங்கப் போனார். இந்த ஒரு பயற்றில் அப்படிச் செய்யக் கூடாது. சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் புரதம் மிகுதியாக இருக்கிறது. அது அழியாமல் உடலுக்குள் போனால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அரை மணி நேரம் கொதிப்பது பாதுகாப்பானது. கொதிநிலைக்குக் கீழே நெடுநேரம் வைத்திருப்பது அந்த நஞ்சை அழிக்காமல் கூட்டவும் செய்யலாம். பிரஷர் குக்கர் இதில் நமக்குப் பெருந்துணை. பிரெஞ்சு இயற்பியலாளர் டெனி பாப்பின் 1679-இல் எலும்புகளை மென்மையாக்குவதற்காக உருவாக்கிய மூடிய கொதிகலனின் வழிவந்த பாத்திரம் அது. உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ்வரை சூடாகி, மணிக்கணக்கில் வேகவேண்டியதை நிமிடக்கணக்குக்குள் கொண்டுவருகிறது. ஆனால் குக்கராலும் நேற்றைய இரவைத் திருப்பிக் கொண்டுவர முடியாதே. அன்று வேறு ஏதோ செய்து சமாளித்தார். வியாழன் இரவுப் பக்கத்தில் ‘பயறு ஊறவைக்க’ என்று குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் அன்று தொடங்கியது. எழுதியது அவரே.

மீந்த சோற்றைப் பற்றி எனக்கும் மாமியாருக்கும் நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. மீதி நாட்கள் வந்தபின் அது தீர்க்கப்பட்டாக வேண்டிய ஒன்றாயிற்று. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். சோறு வேகும் சூட்டிலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே திரும்பச் சூடுபடுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பயன்படாது. உலகச் சுகாதார நிறுவனம் பாதுகாப்பான உணவுக்கென வகுத்த ஐந்து வழிமுறைகளில், சமைத்த உணவை அறைவெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, 5 டிகிரிக்குக் கீழே குளிர்விக்க வேண்டும், பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நான் எண்களைச் சொல்லச் சொல்ல மாமியாரின் முகம் இறுகிக்கொண்டே போனது. பிறகு, “சூடாக இருப்பதைக் குவித்து மூடி வைக்காதே, அகலமான தட்டில் பரப்பி ஆறவிடு என்றுதான் நானும் சொல்வேன். நீதான் கேட்பதில்லை,” என்றார். உண்மைதான். அகலமாகப் பரப்பினால் விரைவாக ஆறும், விரைவாக ஆறினால் விரைவாகக் குளிரூட்டலாம். அன்று முதல் அவர் முறைப்படி பரப்பி, என் முறைப்படி உள்ளே வைக்கிறோம்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே துல்லியமான அளவீடு அதுதான். வெளியில் உண்ணும்போது எவ்வளவு உப்பு உள்ளே போகிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் மட்டுமே உண்ணும் மாதத்தில், ஏறக்குறைய எல்லா உப்பும் ஒரே ஜாடியிலிருந்து வருகிறது. முதல் நாளில் ஒரு கிலோ உப்பை ஜாடியில் கொட்டினேன். 30-ஆம் நாள் எடை போட்டபோது 140 கிராம் மிஞ்சியிருந்தது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐந்து பேருக்கு 30 நாட்களுக்கு அது 750 கிராம். குழந்தைக்கு இன்னும் குறைய வேண்டும். காய் வேகவைத்து வடித்த நீரோடு கொஞ்சம் போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், ரொட்டியில் ஏற்கெனவே இருந்த உப்பைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று அந்தச் சமாதானத்தை மறுக்கவும் செய்யலாம். வீட்டுச் சமையல் என்ற ஒரே காரணத்தால் உணவு நலமானதாகிவிடாது என்பதை அந்த ஜாடி எனக்குச் சொன்னது. கை தாராளமாக இருந்தால் வீட்டு உப்பும் உப்புதான்.

உடம்பில் என்ன மாற்றம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வியப்பூட்டும் செய்தி எதுவும் என்னிடம் இல்லை. கணவரின் எடை ஒரு கிலோ குறைந்தது. என்னுடையது அப்படியே இருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. 20 பேரை நான்கு வாரங்கள் தங்கவைத்து, இரண்டு வாரம் மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவையும், இரண்டு வாரம் குறைவாகப் பதப்படுத்தப்பட்ட உணவையும் விரும்பிய அளவுக்கு உண்ணச் சொன்னார்கள். பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு ஆகியவை இரண்டிலும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டும், முதல் வகையை உண்டபோது பங்கேற்றவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு, சராசரியாக 0.9 கிலோ எடை கூடினார்கள். மற்றதில் அதே அளவு குறைந்தார்கள். இதை வீட்டுச் சமையலின் வெற்றியாகக் காட்டுபவர்கள் உண்டு. அந்த ஆய்வில் இரண்டு உணவுகளுமே ஆய்வு நிலையத்தில் பரிமாறப்பட்டவை. வீடு, வெளி என்ற வேறுபாடே அங்கு இல்லை. வெளியிலும் நல்ல காய்கறியைச் சமைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பிஸ்கட் பொட்டலங்களையும் நான் மறக்கவில்லை.

மூன்று முறை தவறினோம். 13-ஆம் நாள் நானும் மகனும் ஒரே நேரத்தில் காய்ச்சலில் விழ, கணவருக்கு ஊருக்குச் செல்லும் வேலை வந்துவிட, வெளியிலிருந்து கஞ்சி வாங்கினோம். 22-ஆம் நாள் மகள் தோழியின் பிறந்தநாள் விருந்துக்குப் போனாள். அங்கே டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார் என்று பதினான்கு வயதுப் பெண்ணிடம் சொல்லும் அளவுக்கு எனக்குக் கொள்கைப் பிடிப்பு இல்லை. மூன்றாவது தவறு என்னுடையது. 26-ஆம் நாள் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்ற மதிய உணவைப் பேருந்திலேயே மறந்து இறங்கிவிட்டேன். அன்று உணவகத்தில் தனியாக அமர்ந்து, யாருக்காகவும் எதையும் யோசிக்காமல், கொண்டுவந்து வைத்ததைச் சாப்பிட்டேன். மிகவும் நன்றாக இருந்தது. இதை இரண்டு நாட்கள் கழித்தே வீட்டில் சொன்னேன்.

31-ஆம் நாளுக்கான பட்டியலை மகன் ஒரு வாரமாகத் தயாரித்து வைத்திருந்தான். அவன் கேட்டதையே வாங்கினோம். சாப்பிடும்போது மூன்று முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான். அதனால் சுவை குறைந்ததாக அவன் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு முதல் சில வாய்கள் கரித்தன, பிறகு பழகிவிட்டது. பழக்கம் எவ்வளவு விரைவாகத் திரும்பி வருகிறது என்பதைக் கண்டு சற்று அச்சமாகவும் இருந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று வேளைகள் வெளியிலிருந்து வருகின்றன. அவை எந்தக் கிழமைகள் என்பதும் முன்கூட்டியே எழுதப்படுகிறது.

குறிப்பேடு குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு கயிற்றில் தொங்குகிறது. செவ்வாயும் வெள்ளியும் கணவருடையவை. ஞாயிறு மதியம் மகளுடையது. மற்றவை எனக்கும் மாமியாருக்கும். மாதம் முடிந்த வாரத்தில் மாமியார் பேரனை அழைத்து, ஒவ்வொரு வியாழக்கிழமைக்கும் நேரே ஒரு வரி எழுதச் சொன்னார். அவன் கொட்டை எழுத்துகளில் எழுதியிருந்தான்: ‘பாட்டி வந்து உட்காருவார்.’ முதல் வியாழனன்று நான் வேலையிலிருந்து திரும்பத் தாமதமாயிற்று. கணவர் முன்வந்து சமைத்திருந்தார். பீன்ஸ் விரல் நீளத்துக்கு இருந்தது. மாமியார் வந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நடுவில் ஒருமுறை மட்டும் உப்பு ஜாடியைக் கேட்டார்.